அவள் பெயரில் ஒரு கூரை

வறுமை இருக்கும் வீட்டில் அடிதடியும் இருக்கத்தான் செய்யும் என்று சொல்லி, அடிபட்டு வந்து நிற்கும் பெண்ணைப் பொறுத்துப்போகுமாறு திருப்பியனுப்புவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இதை நாம் மறுக்கிறோம். வறுமைதான் கையை ஓங்குகிறது என்றால், ஏழையின் வீடு ஒவ்வொன்றிலும் அது ஓங்கியிருக்க வேண்டும். ஒரே தெருவில், ஒரே கூலியில் வாழும் இரு வீடுகளுள் ஒன்றில் மட்டும் அலறல் கேட்பானேன்?

குடி ஒரு காரணம், மறுப்பாரில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, அடிக்கடி குடிபோதையில் இருக்கும் கணவரைக் கொண்ட பெண்களுள் 70 விழுக்காட்டினர் கணவரது வன்முறைக்கு ஆளாகியிருந்தனர். ஆனால் குடிக்காத கணவரைக் கொண்டோருள்ளும் 23 விழுக்காட்டினர் அவ்வாறே துன்புற்றிருந்தனர். மதுக்கடையை மூடினால் போதும் என்போர் இந்த இரண்டாவது எண்ணையும் நோக்க வேண்டும். (குடித்தவன் தன் முதலாளியை அடிப்பதில்லை என்பதையும்தான்.)

அவளைக் காப்பது எது? திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பண்டாவும் பீனா அகர்வாலும் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு தெளிவான விடை தருகிறது. சொத்தேதும் இல்லாத பெண்களுள் 49 விழுக்காட்டினர் கணவரிடம் அடிபட்டிருந்தனர். நிலமும் வீடும் தம் பெயரில் உடையவருள் 7 விழுக்காட்டினரே. வசதியான வீட்டுப் பெண்களுக்குத்தானே சொத்து இருக்கும் என்று கேட்கலாம். குடும்பத்தின் பொருள்நிலையையும் கணக்கிற்கொண்டே அவர்கள் இம்முடிவுக்கு வந்தனர். காரணமும் விளங்காததன்று. போக்கிடமற்றவள் மறுநாளும் அதே அடுப்படிக்குத்தான் வந்தாக வேண்டும். அடிப்பவன் அதை நன்கறிவான்.

2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவன் வீட்டில் குடியிருக்கும் உரிமையை மனைவிக்குத் தருகிறது. நல்லதே. ஆயினும் அதைப் பெற வழக்காட வேண்டும். ஒருநாள் கூலியை இழந்து நீதிமன்ற வாயிலில் நிற்க எத்தனை பேரால் இயலும்?

உயிலின்றி இறந்த தந்தையின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்பதே கிறிஸ்தவர்க்குரிய வாரிசுரிமைச் சட்டம். திருவிதாங்கூரில் மறுக்கப்பட்டிருந்த இவ்வுரிமையை 1986இல் மேரி ராய் வழக்கில் உச்சநீதிமன்றம் நிலைநாட்டியது. நாமோ, நகை போட்டாயிற்றே என்று சொல்லி மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குகிறோம். அந்த நகை முதல் ஆண்டிலேயே அடகுக்கடை சேர்கிறது. அதே பணத்தில் இரண்டு சென்ட் மனையேனும் அவள் பெயரில் பதிந்தால் என்ன? கோவிலில் மூன்றாம் ஓலை வாசிக்கப்படுமுன், பெண்ணுக்கு எத்தனை பவுன் என்று கேட்பதை விடுத்து, அவள் பெயரில் எழுதப்பட்டிருப்பது என்ன என்று பெற்றோரைப் பங்குமக்கள் கேட்கட்டும்.