டேங்க் இருந்த இடம்தான் எமன்! அமெரிக்க பிக்-அப் வண்டிகளில் கருகிய உயிர்கள். கம்பெனி தப்பியது எப்படி?

அமெரிக்காவில் 40, 50 வருஷத்துப் பழைய பிக்-அப் வண்டிகளுக்கு இப்போது ஏக மவுசு. துருப்பிடித்துக் கிடந்த செவர்லே வண்டியைத் தேடிப்பிடித்து வாங்கி, பெயிண்ட் அடித்து, புது மாப்பிள்ளை மாதிரி ஓட்டிப் போகிறார்கள். வெளியே பளபளப்பு. பெட்ரோல் டேங்க்? பல வண்டிகளில் அது கம்பெனி வைத்த இடத்திலேயேதான் இருக்கிறது.

அந்த இடத்தை வைத்துத்தான் 30 வருஷத்துக்கு முன்பு அந்த நாட்டில் பெரிய ரகளையே நடந்தது.

பிக்-அப் என்பது சின்ன லாரி. முன்னால் டிரைவர் கூண்டு, பின்னால் சரக்கு ஏற்றும் திறந்த தொட்டி. 1972 வரை வந்த செவர்லே பிக்-அப்களில் பெட்ரோல் டேங்க் டிரைவர் கூண்டுக்குள்ளேயே, சீட்டின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. போர்டு வண்டிகளிலும் அப்படித்தான். அதாவது டிரைவர் டேங்க்கில் சாய்ந்துகொண்டுதான் ஓட்டினார்! ரப்பர் குழாயில் சின்ன வெடிப்பு விழுந்தாலும் கூண்டுக்குள் பெட்ரோல் நெடி குப்பென்று அடிக்கும்.

"இது சரிப்படாது" என்று ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1973 மாடலில் டேங்க்கை வெளியே கொண்டு வந்தது. அதுவரைக்கும் நல்லதுதான். ஆனால் கொண்டுபோய் வைத்த இடம்?

தகரத்துக்குப் பின்னால் பெட்ரோல்

வண்டிக்கு முதுகெலும்பு சேசிஸ். முன்னும் பின்னுமாக ஓடும் இரண்டு கனத்த இரும்புச் சட்டங்கள். அவற்றுக்கு நடுவே டேங்க் இருந்தால் பக்கத்தில் இடிக்கும் வண்டியின் அடியை முதலில் சட்டம் வாங்கிக்கொள்ளும். ஜெனரல் மோட்டார்ஸ் வைத்ததோ சட்டத்துக்கு வெளியே. குதிரை முதுகில் இரண்டு பக்கமும் மூட்டை தொங்குவது போல, இரண்டு டேங்க் கூட மாட்டலாம். பெரிய டேங்க் என்றால் ஒன்றுக்கு 75 லிட்டர் பிடிக்கும். அதற்கும் எதிரே வரும் வண்டிக்கும் நடுவில் இருந்தது பாடித் தகரம் மட்டுமே.

1973 முதல் 1987 மாடல் வரை லட்சக்கணக்கில் இந்த வண்டிகள் விற்றன. பக்கவாட்டில் மோதல் நடந்தால் டேங்க் கிழிந்து தீப்பிடித்தது.

அதே 1973-ல் கம்பெனி என்ஜினீயர் ஒருவர் எழுதிய கணக்கு பிற்பாடு கோர்ட்டுகளில் அடிபட்டது. கார் தீ விபத்தில் சாகும் ஓர் ஆளுக்கு மதிப்பு 2 லட்சம் டாலர். வருஷத்துக்கு 500 சாவு. ஓடுகிற கார்கள் 4 கோடியே 10 லட்சம். வகுத்தால் கார் ஒன்றுக்கு 2 டாலர் 40 சென்ட்! அவர் கணக்குப் போட்டது கார்களுக்கு, பிக்-அப்புக்கு அல்ல. ஆனாலும் மளிகைக் கடைச் சிட்டை மாதிரி உயிருக்கு விலை போட்டதைப் படித்தவர்கள் கொதித்துப் போனார்கள்.

டெலிவிஷன் செய்த கோளாறு

1992 நவம்பரில் என்.பி.சி. டெலிவிஷன் இந்த வண்டி தீப்பிடிப்பதைப் படம் பிடித்துக் காட்டியது. பார்த்தவர்கள் பதறினார்கள். அப்புறம் பார்த்தால், தீ கட்டாயம் பிடிக்க வேண்டும் என்று வண்டிக்கு அடியில் திரி வைத்தது அம்பலமானது! கம்பெனி வழக்குப் போட, 1993 பிப்ரவரியில் டெலிவிஷனிலேயே மன்னிப்புக் கேட்டார்கள். நிஜமாகவே கருகிச் செத்தவர்களை விட்டுவிட்டு ஊரெல்லாம் திரியைப் பற்றியே பேசியது. கம்பெனிக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதே மாதம் ஜார்ஜியா மாநில ஜூரிகள், மகனைப் பறிகொடுத்த பெற்றோருக்குப் பத்தரைக் கோடி டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். 1994-ல் அப்பீல் கோர்ட்டு அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது.

கம்பெனியின் வாதம் ஒன்றேதான்: "அரசாங்கச் சோதனையில் எங்கள் வண்டி பாஸ்." பொய் இல்லை. ஆனால் அந்தச் சோதனை பக்கவாட்டில் மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்ப்பது. அமெரிக்க நெடுஞ்சாலையில் அந்த வேகத்தில் யார் போகிறார்கள்?

1994 அக்டோபரில் போக்குவரத்து மந்திரி பெடரிக்கோ பெனா, "வண்டியில் குறைபாடு இருக்கிறது. சுமார் 150 பேர் பலி" என்று அறிவித்தார். கம்பெனி மாட்டிக்கொண்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். டிசம்பரில் சமரசம்! சுமார் 5 கோடி டாலரைக் கம்பெனி பாதுகாப்புத் திட்டங்களுக்குக் கொடுக்கும். குழந்தை சீட் வாங்கலாம், தீக்காய ஆராய்ச்சி நடத்தலாம், குடித்துவிட்டு ஓட்டுவதைத் தடுக்கலாம். எல்லாம் நல்ல காரியம்தான். வண்டியை மட்டும் திரும்ப அழைக்க வேண்டியதில்லை. ஒரு டேங்க் கூட இடம் மாறவில்லை.

இத்தனைக்கும் 1988 மாடலாக வந்த புது பிக்-அப்பில் டேங்க்கைச் சட்டத்துக்கு உள்ளே வைத்துவிட்டார்கள். அப்படி வைக்க முடியும் என்பது தெரிந்துதானே செய்தார்கள்?

மூச்சு விடும் ஓட்டை

இப்போது பழைய வண்டிக்காரர்கள் சிலர் சொந்தச் செலவில் டேங்க்கைப் பின்பக்கம், சட்டங்களுக்கு நடுவே மாற்றுகிறார்கள். இதிலும் ஒரு சிக்கல்.

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்காக வராது. காற்று போக இன்னொன்று வேண்டும். டேங்க்கும் அதேதான். அந்தக்கால வண்டிகளில் மூடியிலேயே காற்றுத் துளை உண்டு. 1970-களின் தொடக்கத்தில், ஆவி வெளியே போகக்கூடாது என்று சட்டம் வந்ததும், கரி நிரப்பிய டப்பாவுக்குக் குழாய் வைத்து மூடியை அடைத்தார்கள். இது தெரியாமல் பழைய டேங்க்குக்குப் புது மூடி போட்டால், கொஞ்ச தூரம் ஓடியதும் உள்ளே காற்றில்லாமல் என்ஜின் மக்கர் பண்ணி நின்றுவிடும். மூடியைத் திறந்தால் 'புஸ்'ஸென்று காற்றை இழுக்கும்.

அதற்குப் பயந்து வெறும் குழாயை விட்டு வைத்தாலும் ஆபத்து. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு தவழும். மூடிய ஷெட்டில் நிறுத்தினால் ஒரு பொறி போதும். வண்டி கவிழ்ந்தாலோ அந்தக் குழாய் வழியாகவே பெட்ரோல் கொட்டும். கவிழ்ந்தால் தானாக மூடிக்கொள்ளும் வால்வு கடையில் சில டாலருக்குக் கிடைக்கிறது. டேங்க்கை மாற்றுகிறவர்கள் அதையும் சேர்த்து மாட்டினால்தான் வேலை முடியும் என்கிறார்கள் மெக்கானிக்குகள்.