கடனுக்கும் பட்டம் பார்ப்போம்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நிலக்கடலைக்கு ஒரு பட்டம், எள்ளுக்கு ஒரு பட்டம் என்று நாள் பார்த்துத்தான் விதைக்கிறோம். ஆனால், விதை வாங்கவும் ஆடு மாடு பிடிக்கவும் எடுக்கும் கடனுக்குப் பட்டம் பார்க்கிறோமா?

சில ஆண்டுகளுக்கு முன் விழுப்புரம் மாவட்டத்து மானாவாரிக் கிராமம் ஒன்றில், நிலக்கடலைக்கு ஜிப்சம் இட்டு மண் அணைப்பது பற்றிச் செயல்விளக்கம் நடத்திக் கொண்டிருந்தேன். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பாதியிலேயே பலர் எழுந்துவிட்டார்கள். "இன்னைக்கு டியூ மேடம், வசூலுக்கு வந்துடுவாங்க" என்றார் ஒருவர். கடைசி வரை இருந்த இன்னொரு பெண், வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார். ஆடு வாங்க 50,000 ரூபாய் கடன் எடுத்திருந்தார். குடற்புழு நீக்கம், தடுப்பூசி எதிலும் குறை வைக்கவில்லை. "டியூ கட்டறதுக்குச் சினை ஆட்டையே வித்துட்டேன் மேடம்" என்றார்.

ஆடு வளர்ப்பில் அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. கணக்கைப் பாருங்கள். ஆட்டின் சினைக்காலம் 5 மாதம். பிறந்த குட்டி விற்பனைக்கு வர இன்னும் 6 முதல் 8 மாதம். ஆக, முதல் வருமானம் கைக்கு வர ஏறக்குறைய ஓராண்டு ஆகும். தவணையோ கடன் வாங்கிய உடனேயே தொடங்கிவிடுகிறது. நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி, அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம், 24 மாதக் கடன் என்று வைத்துக்கொள்வோம். குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டாலும் மாதம் சுமார் 2,640 ரூபாய் கட்ட வேண்டும். முதல் குட்டியை விற்பதற்குள் சுமார் 31,700 ரூபாய் கட்டி முடித்திருக்க வேண்டும். அந்தப் பணம் ஆட்டிலிருந்து வராது. கூலியிலிருந்து வர வேண்டும். இல்லையேல் இன்னொரு கடனிலிருந்து வர வேண்டும்.

இப்படி ஒன்றைக் கட்ட இன்னொன்று என்று கடன் பெருகினால் என்ன ஆகும் என்பதை 2010-ல் ஆந்திரம் பார்த்தது. ஒரே குடும்பத்துக்குப் பல நிறுவனங்கள் கடன் கொடுத்து, கடும் வசூலும் சேர்ந்துகொள்ள, மாநில அரசு அவசரச் சட்டமே கொண்டுவர நேர்ந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஊரில் எல்லாவற்றையும் 'குழு' என்றுதான் சொல்கிறோம். மகளிர் சுய உதவிக் குழு என்பது 10 முதல் 20 பெண்கள் சேர்ந்து, முதலில் சேமித்து, அந்தச் சேமிப்பைத் தங்களுக்குள் கடனாகக் கொடுத்துப் பழகி, பிறகு வங்கிக்குப் போவது. நுண்நிதி நிறுவனம் கூட்டும் குழு பெரும்பாலும் கடனுக்காகவே கூட்டப்படுவது. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் பொறுப்பு. முன்னதில் விதிகளை நீங்கள் எழுதுகிறீர்கள். பின்னதில் எழுதி வந்த விதிக்குக் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

முதல் வகைக் குழுவுக்குத் தமிழகத்தில் நீண்ட வரலாறு உண்டு. 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கப்பட்டன. 1992-ல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் முன்னோடித் திட்டத்தை நாடு முழுவதற்குமாகத் தொடங்கியது. பட்டா இல்லாத பெண்ணுக்கும் வங்கிக் கதவு திறந்தது இப்படித்தான். முறையான கூட்டம், முறையான சேமிப்பு, உள்கடன், தவறாத திருப்பம், சரியான கணக்கு ஆகிய ஐந்தும்தான் அவர்கள் வைத்த பிணை.

ஆனாலும் ஒரு நியாயக் குறைவு இன்னும் இருக்கிறது. நிலம் வைத்திருப்பவர் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் வாங்கினால், அறுவடையைக் கணக்கிட்டே கெடு வைக்கிறார்கள். விதைத்த மறுவாரமே யாரும் வசூலுக்கு வருவதில்லை. உரிய நாளில் கட்டினால் தமிழகத்தில் வட்டியும் இல்லை. அதே நிலத்தில் களை எடுத்து, நாற்று நட்டு, ஆடு மாடு மேய்க்கும் பெண்ணின் பெயரில் பெரும்பாலும் பட்டா இல்லை. அதனால் அவருக்குக் கிடைப்பது வாரக் கெடு, மாதக் கெடு. ஒரே குடும்பத்தில் ஆணின் கடனுக்குப் பயிர் நாள்காட்டி, பெண்ணின் கடனுக்கு வசூல் நாள்காட்டி. இது மாற வேண்டும்.

வங்கியாளர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. மாதாமாதம் கட்டும் பழக்கம் விட்டுப்போனால் குழுவே குலைந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். அதற்கும் வழி உண்டு. வருமானம் வராத மாதங்களில் வட்டியை மட்டும் வாங்கலாம். குழு தன் உறுப்பினரிடம் நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி வாங்கினாலும், 50,000 ரூபாய்க்கு அது மாதம் 500 ரூபாய்தான். பழக்கமும் கெடாது, சினை ஆடும் சந்தைக்குப் போகாது.

வங்கிக்குக் குழு மாதத் தவணை கட்டியே ஆக வேண்டும் என்றாலும், உறுப்பினர்களின் தவணையைக் குழுவே வகுத்துக்கொள்ள முடியும். நிலத்தில் ஊடுபயிர் போடுவதைப் போலத்தான் இதுவும். கறவை மாடு வைத்திருப்பவருக்குப் பால் பணம் அடிக்கடி வருகிறது. கீரை போட்டவருக்கு ஒரு மாதத்துக்குள் அறுவடை. நிலக்கடலைக்கு மூன்றரை மாதம், மஞ்சளுக்கு 9 மாதம். பாலும் கீரையும் முதல் மாதங்களின் தவணையைத் தாங்க, கடலையும் மஞ்சளும் அறுவடையில் ஈடுகட்டட்டும். குழு முழுவதும் ஒரே மாதத்தில் மாடு வாங்கினால், எல்லா மாடும் ஒரே சமயத்தில் பால் வற்றும் என்பதையும் மறக்க வேண்டாம். யார் எந்த மாதம் எவ்வளவு கட்டுவது என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

வட்டியையும் ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'ஆண்டுக்கு 12 சதவீதம்தான்' என்பார்கள். கட்டிய அசலைக் கழிக்காமல் கடைசி மாதம் வரை முழுத் தொகைக்கும் வட்டி போட்டால், ஓராண்டுக் கடனில் உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டிவிடும். முன்பு சொன்ன 24 சதவீதக் கடனில் இரண்டு ஆண்டுக்கு வட்டி சுமார் 13,400 ரூபாய். அதே தொகையைக் குழுவில் 12 சதவீதத்துக்கு எடுத்தால் சுமார் 6,500 ரூபாய். அதிலும் வங்கி வட்டி போக மிஞ்சுவது வெளியே போகாமல் உங்கள் குழுவின் பொது நிதியிலேயே சேரும்.

நுண்நிதி நிறுவனத்தில் கடன் வாங்கித்தான் ஆக வேண்டிய நிலை சிலருக்கு வரலாம். அவர்களுக்கும் உரிமைகள் உண்டு. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு, எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி விதித்தது. கடன் விவரம் உங்களுக்குப் புரியும் மொழியில் தரப்பட வேண்டும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழகச் சட்டப்பேரவையும் 2025-ல் தனிச் சட்டம் நிறைவேற்றியது.

வங்கிக் கிளை மேலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குழு கடன் கேட்டு வரும்போது எத்தனை பேர், எவ்வளவு என்பதோடு, என்ன பயிர், என்ன கால்நடை, முதல் வருமானம் எப்போது என்றும் கேளுங்கள். பயிரின் வயதை வேளாண்மை உதவி அலுவலர் சொல்வார். கால்நடைக்குக் கால்நடை உதவி மருத்துவர் சொல்வார். அதைக் கடன் மனுவிலேயே எழுதி, தவணையை அதற்கேற்ப வையுங்கள்.

வாசகர்களான சகோதரிகள் அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுப்புங்கள்: "இந்தக் கடன் சம்பாதித்துக் கொடுக்கும் முதல் ரூபாய் எந்த மாதம் வரும்?" அதற்குப் பதில் கிடைத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.