உண்ணிக் காய்ச்சல்: தீவுகளைக் கணக்கில் சேர்க்குமா தில்லி?

புது தில்லி: சென்னையிலிருந்து புறப்படும் பயணிகள் கப்பல் ஏறத்தாழ 1,200 கி.மீ. கடலைக் கடந்து சேரும் இடம், அந்தமான் தலைநகரின் ஹேடோ துறைமுகம். கட்டுமானத் தொழிலாளர்கள், வணிகர்கள், அரசு ஊழியர்கள் எனத் தமிழர் பலர் தீவுகளில் கால் பதிப்பது இங்குதான். போர்ட் பிளேயர் என்ற அந்நகரின் பெயரை 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றியது மத்திய அரசு. ஆனால், அத்தீவுகளின் காடுகளிலும் புதர்களிலும் மறைந்திருக்கும் உண்ணிக் காய்ச்சலுக்குத் தில்லி இன்னும் உரிய கவனம் தரவில்லை.

"ஸ்க்ரப் டைஃபஸ்' எனப்படும் இந்நோயைப் பரப்புவது கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒருவகைச் செவ்வுண்ணியின் இளம்புழு. அது கடித்த இடத்தில் சிலருக்கு, சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த புண் தோன்றும். காய்ச்சல், தலைவலி, உடல்வலி என்று தொடங்கி, காலம் தாழ்ந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவற்றைத் தாக்கி உயிரையும் பறிக்கும்.

இதற்குக் காரணமான பாக்டீரியா ஒரே முகம் கொண்டதல்ல. அதன் மேலுறையில் உள்ள ஒரு புரதம், வகைக்கு வகை வேறுபடுகிறது. அப்புரதத்துக்கான மரபணுவைக் கொண்டே ஆய்வாளர்கள் வகைகளைப் பிரித்தறிகின்றனர். இரண்டாம் உலகப் போரின்போது, 1943-ல் அஸ்ஸாம் - பர்மா எல்லையில் கண்டறியப்பட்டது "கில்லியம்' வகை, அதே ஆண்டில் நியூ கினியாவில் கண்டறியப்பட்டது "கார்ப்' வகை, பின்னர் ஜப்பானில் கண்டறியப்பட்டது "கேட்டோ' வகை. ஆசிய - பசிபிக் பகுதிக்கு மட்டுமே உரியது என்று கருதப்பட்ட இந்நோயின் நெருங்கிய உறவு பாக்டீரியாக்கள் பின்னர் துபாயிலும், தென் அமெரிக்காவின் சிலியிலும் அறியப்பட்டுள்ளன.

இந்தியாவில் எந்த வகை மிகுதி? வேலூர், சிம்லா, ஷில்லாங் ஆகிய மூன்று பகுதிகளின் நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2015-ல் வெளியான ஆய்வில், கேட்டோவை ஒத்தவை சுமார் 60 சதவீதம். கார்ப்பை ஒத்தவை கால் பங்குக்குச் சற்று அதிகம். நம் எல்லையிலேயே கண்டறியப்பட்ட கில்லியம் வகையோ மிகச் சொற்பம். இம்மூன்றும் நிலப்பரப்பின் நகரங்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இந்த வேறுபாடு ஆய்வகத்தோடு முடிந்துவிடும் செய்தியல்ல. ஒரு வகையால் நோயுற்றுத் தேறியவருக்கு மற்றொரு வகையிடமிருந்து நீடித்த பாதுகாப்பு கிடைப்பதில்லை. தடுப்பூசி இன்றுவரை கைகூடாததற்கு இது முக்கியக் காரணம். நோயைக் கண்டறியும் எலிசா பரிசோதனையும் குறிப்பிட்ட சில வகைகளின் புரதங்களையே அடிப்படையாகக் கொண்டது. உள்ளூரில் உலவும் வகையை அறியாமல் பரிசோதனையின் நம்பகத்தன்மையை எடைபோட இயலாது.

தீவுகளுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். இந்தப் பாக்டீரியா தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. உண்ணியும் தானாக நெடுந்தொலைவு செல்வதில்லை. எலி போன்ற பிராணிகளே அதைச் சுமந்து செல்கின்றன. எனவே, வேலூரில் கிடைத்த விடை கார் நிகோபாருக்கும் பொருந்தும் என்று முன்கூட்டியே முடிவுகட்ட இயலாது.

பெயர் தெரியாத காய்ச்சலின் விலையை அந்தமான் ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. 1980-களின் பிற்பகுதியிலிருந்து "அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று அழைக்கப்பட்டு வந்த நோய், உண்மையில் எலிக்காய்ச்சலே என்பதை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் போர்ட் பிளேயர் மையம் 1990-களில்தான் உறுதி செய்தது. உத்தரப் பிரதேச மாநிலம் கோரக்பூரிலும் இதே கதை. ஆண்டுதோறும் குழந்தைகளைப் பலிகொண்ட மூளைக்காய்ச்சலில் பெரும்பங்கு உண்ணிக் காய்ச்சலுடையது என்பது கடந்த பத்தாண்டுகளில்தான் தெளிவானது.

தமிழகமும் விலக்கல்ல. 37 கிராமங்களில் 32 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கண்காணித்து 2025-ல் வெளியிடப்பட்ட ஆய்வு, நோய் பரவியுள்ள ஊர்களில் ஆண்டுதோறும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இத்தொற்று ஏற்படுவதை உணர்த்தியது. அவர்களில் பெரும்பாலோர் நோயுறுவதில்லை என்பது ஆறுதல். ஆனால், நோயுறுவோரில் சிலர் இறக்கின்றனர்.

மருந்து இல்லாத நோயன்று இது. டாக்ஸிசைக்ளின் மாத்திரை மலிவானது; வகை எதுவாயினும் முதலில் தரவேண்டியதும் அதுவே. தீவிர நோயாளிகளுக்கு அதனுடன் அசித்ரோமைசினையும் ஊசி வழியே சேர்த்துத் தருவது கூடுதல் பலன் அளிக்கும் என்பதை, 7 மருத்துவமனைகளில் 794 நோயாளிகளிடம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தலைமையில் நடந்த ஆய்வு 2023-ல் நிறுவியது. ஆகவே, மரபணு ஆய்வைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தாமதப்படுத்துவதற்கு இடமில்லை. இரண்டும் ஒருசேர நடைபெற வேண்டும்.

இப்போது இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. தலைநகருக்கு 500 கி.மீ.க்கும் மேல் தெற்கே உள்ள கிரேட் நிகோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரியம் ஆகியவற்றை உள்ளடக்கிய பெருந்திட்டத்துக்கு 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. இதற்காகச் சுமார் 130 ச.கி.மீ. வனப்பகுதி ஒதுக்கப்படுகிறது. காட்டை வெட்டிய இடத்தில் மண்டும் புதரே இந்த உண்ணிக்கு உகந்த இருப்பிடம். நோயின் ஆங்கிலப் பெயரே அப்புதரைத்தான் குறிக்கிறது. அங்கு முதலில் இறங்கப்போவது வெளியிலிருந்து வரும் தொழிலாளர்கள். அருகிலேயே வாழ்பவர்கள் ஷோம்பென் பழங்குடியினர்.

அந்தமான் - நிகோபார், சட்டப்பேரவை இல்லாத யூனியன் பிரதேசம். மக்களவையில் அதன் குரல் ஒன்றே ஒன்று. மாநில அரசு செய்யவில்லை என்று பழியைத் தள்ளிவிட அங்கே மாநில அரசு இல்லை. முழுப் பொறுப்பும் தில்லியுடையது. ஒவ்வொரு தீவுக் கூட்டத்திலும் உண்ணி, எலி, நோயாளி ஆகிய மூன்றிலிருந்தும் மாதிரிகளைத் தொடர்ந்து சேகரித்து வகைகளைப் பதிவு செய்யவும், தொலைதூரச் சுகாதார நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் கிடைக்கவும் ஆகும் செலவு, துறைமுகத் திட்டத்தின் மதிப்பீட்டில் ஒரு துளி. மரங்கள் சாய்வதற்கு முன்பே அந்தப் பணி தொடங்கப்பட வேண்டும்.