பாட்டனார் மலையேறிய ஆண்டு



சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்க அறையைப் பூட்டும் வேளையில், ஒரு தாய் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். கம்பம்மெட்டிலிருந்து நெடுங்கண்டம் செல்லும் சாலையை அடுத்த ஓர் ஏலத்தோட்டத்தில் அவர் காய் எடுக்கிறார். கணவருக்கு அங்கேயே மருந்தடிக்கும் வேலை. மகள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியிருக்கிறாள். செவிலியர் படிப்பில் சேர விரும்புகிறாள். தாழ்த்தப்பட்டோர்க்குரிய சலுகை வேண்டி ஜாதிச் சான்றிதழுக்கு மனுச் செய்தபோது, அலுவலகத்தில் ஒரே கேள்விதான் கேட்டார்களாம்: "1950-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாளுக்கு முன்பே உங்கள் குடும்பம் இங்கே இருந்ததா? இருந்தது என்றால் அத்தாட்சி எங்கே?"

"அய்யா, என் மாமனார் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அவரை அவருடைய அப்பா தோளில் தூக்கிக்கொண்டு கம்பத்திலிருந்து மலையேறினாராம். அரிசிக்குப் பஞ்சம் வந்த காலம் என்று சொல்லுவார். எந்த வருஷம் என்று யாருக்கு அய்யா தெரியும்? கேட்கலாம் என்றால் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்" என்றார் அந்தத் தாய்.

துணிப்பையை அவிழ்த்து மேசைமேல் பரப்பினார். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, மகளின் பள்ளிச் சான்று, கணவரின் வைப்புநிதிச் சீட்டு. எல்லாம் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டவை. ஒன்றாவது கேட்ட காலத்தைத் தொடவில்லை. அந்தப் பெண் அதுவரை வாய் திறக்காமல் நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "தாத்தா வந்த தேதி தெரியாததற்கு நான் என்ன செய்ய முடியும், அய்யா?"

இக்கேள்விக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. ஆகவே இத்திங்கள் இப்பகுதியை அதற்கே ஒதுக்குகின்றேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இந்தியக் குடிமகன் எவனும் இந்நாட்டின் எப்பகுதியிலும் வசிக்கலாம், நிலைத்துக் குடியேறலாம் என்று அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு உறுதி கூறுகிறது. ஆதலின் மெட்டுக்கு இப்பால் வாழும் நம் வாழ்வை எவரும் சட்டப்படி விலக்கிவிட இயலாது. ஆனால் வாழும் உரிமை வேறு. வாழ்ந்ததனால் கிடைக்க வேண்டிய பயன் வேறு. பின்னது பெரும்பாலும் ஒரு தேதியைப் பற்றிக்கொண்டு தொங்குகிறது.

தாழ்த்தப்பட்டோர் பட்டியலைக் குடியரசுத் தலைவர் 1950 ஆகஸ்டு 10 அன்று பிறப்பித்தார். அப்பட்டியல் மாநிலந்தோறும் தனித்தனியானது. அந்நாளுக்குப் பின் வேறு மாநிலம் சென்றவர், தம் தாய்மாநிலத்துப் பட்டியலைச் சேர்ந்தவராகவே கருதப்படுவார். சென்ற மாநிலத்தின் சலுகைகள் அவருக்கு இல்லை. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். 1990-இல் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. 2018-இல் மீண்டும் வலியுறுத்தியது. நிலத்திற்கும் இப்படி ஒரு நாள் உண்டு. இம்மாவட்டத்தில் வனநிலக் குடியிருப்புக்குப் பட்டயம் வழங்க வகுத்த 1993-ஆம் ஆண்டு விதிகள், 1977 ஜனவரி 1-க்கு முன் குடியேறியவரையே கணக்கில் கொள்கின்றன.

எளிய மக்கள்தாம் இவ்வாறு தடுமாறுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். தேவிகுளம் தனித்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரது தேர்தலையே கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் செல்லாது என்றது. மதம் பற்றிய வினாவோடு, அவருடைய முன்னோர் 1950-க்கு முன் இம்மலைக்கு வந்தவர்களா என்பதும் அவ்வழக்கில் வாதிடப்பட்டது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி அவர் பதவியைக் காத்தது. சட்டசபையில் அமர்ந்தவருக்கே பாட்டனாரின் வருகை ஒரு வழக்காயிற்று என்றால், காய் எடுக்கும் தாயின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இதில் உள்ள முரண்பாட்டை வாசகர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் பிறந்தது. ஏலத்தோட்டங்களை அது தழுவியது அதற்கும் நெடுநாள் பின்னரே. வருங்கால வைப்புநிதிச் சட்டம் 1952-இல் வந்தது. கூலிக்காரன் பெயரை முறையாக ஏட்டில் எழுதவேண்டும் என்ற கட்டாயத்தைக் கொணர்ந்த சட்டங்கள் இவை. ஆனால் அவனிடம் கேட்கப்படுவதோ 1950-க்கு முந்திய ஏடு! அவனைப் பதிவு செய்யாத காலத்திற்கு அவனிடமே பதிவு கேட்கிறோம். இது நம் பெண்மணியின் குற்றமன்று; அவர் மாமனாரின் குற்றமும் அன்று.

நிற்க. தேதியால் மக்கள் வாழ்வு புரண்ட கதை நம் இனத்துக்குப் புதியதன்று. இலங்கையில் 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம், தான் அந்நாட்டில் பிறந்ததோடு தந்தையாரும் அங்கேயே பிறந்தார் என்று காட்டும்படி கேட்டது. தேயிலைத் தோட்டத்துத் தமிழர் பெரும்பாலோரிடம் தந்தையின் பிறப்புச் சீட்டு ஏது? மறு ஆண்டு வேறொரு சட்டம் வந்தது. மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாமல் அங்கே வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். 1951 ஆகஸ்டு 5-க்குள் மனுச் செய்ய வேண்டும். இடையே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தாய்நாட்டில் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்பட்டது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர்க்காக மனுக்கள் குவிந்தன. பிரஜா உரிமை பெற்றவரோ ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே.

எஞ்சியவர்களை 1964 அக்டோபரில் இரு பிரதமர்களும் ஓர் ஒப்பந்தத்தில் எண்ணிக்கை போட்டுப் பங்கிட்டனர். மொத்தம் 9,75,000 பேர், இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரின் கணக்குப் பின்னொரு நாளைக்கு. 1974-இல் அம்மீதியையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். எஞ்சி நின்ற கடைசிப் பகுதியினர்க்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் விடிவு பிறந்தது. அவ்வாறு கடல் கடந்து திரும்பியவர்களில் ஒரு சாராரை நம் அண்டையிலேயே காணலாம். வண்டிப்பெரியாற்றின் வழியே செல்லும் கவி ஏலத்தோட்டங்களிலும், புனலூர்ப் பக்கத்து மறுவாழ்வு ரப்பர்த் தோட்டங்களிலும் உழைப்பவர்கள் அவர்கள்தாம்.

இது ஏழை நாடுகளின் வழக்கம் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதென 2016 ஜூனில் வாக்களித்தது. 2020 ஜனவரி 31 அன்று விலகியது. அதுகாறும் உரிமையோடு அங்கு வாழ்ந்த ஐரோப்பியர் பெரும்பாலோர், 2021 ஜூன் 30-க்குள் புதிதாக மனுச் செய்து நிலையுரிமை பெறவேண்டியதாயிற்று. இருபது முப்பது ஆண்டு வாழ்ந்தவர்க்கும் இதே விதிதான். முன்பே பெற்றிருந்த நிரந்தரவாசப் பத்திரம் அந்நாளோடு செல்லாக்காசாயிற்று. ஐந்தாண்டு தொடர்ந்த வாசத்தைக் காட்டினால் முழு உரிமை. இன்றேல் அரை உரிமை. ஓராண்டில் ஆறு திங்களுக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால், பொதுவாக, தொடர்ச்சி முறிந்தது என்றார்கள். 'நாம்தான் பழைய ஆட்கள் ஆயிற்றே, நமக்கு மனு எதற்கு' என்று வாளாவிருந்தோர் காலம் கடந்தபின் கலங்கி நின்றனர். ஜெர்மனி, பிரான்சு, ஆலந்து ஆகிய நாடுகளின் குடியுரிமை பெற்று இலண்டனில் குடியேறிய ஈழத் தமிழ்க் குடும்பங்களும் இந்த ஐரோப்பியருள் அடக்கம்.

இம்மூன்றிடத்தும் பொதுவாக நிற்பது என்ன? "எப்போது வந்தாய்? தொடர்ந்து இருந்தாயா?" என்ற இரு கேள்விகள். குடியேறியவன் வாழ்வோ இரண்டிடத்தில் கால் ஊன்றிய வாழ்வு. நம்மையே பாருங்கள். தலைப்பிரசவத்திற்குப் பெண்ணைக் கம்பத்துக்கோ உத்தமபாளையத்துக்கோ தாய்வீட்டுக்கு அனுப்புகிறோம். பிள்ளையின் பிறப்பு அங்கே பதிவாகிறது. பள்ளிக்குச் சில ஆண்டு தாத்தா வீட்டில் விடுகிறோம். வீரபாண்டித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு இறங்குகிறோம். இவை அன்பின் வழக்கங்கள். விட்டுவிட வேண்டியவை அல்ல. ஆனால் அலுவலக மேசையில் இவையே இடைவெளிகளாகத் தோன்றும் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மலைவழியில் தடுப்பு விழுந்ததே, நினைவிருக்கிறதா? காலையில் ஜீப்பேறி மாலையில் இறங்கிய பாதைக்கு அனுமதிச்சீட்டு வேண்டியதாயிற்று. பழக்கம் உரிமையாகிவிட்டது என்று நாம் நம்பியிருந்தோம். எழுத்தில் இல்லாத பழக்கம் நெருக்கடியில் நில்லாது என்பது அன்று புரிந்தது.

பிறர்க்குச் சொல்லும் யோக்கியதை எனக்கு உண்டா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். என் தந்தையார் தம் காகிதங்களை ஒரு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். அவர் மறைந்தபின் அதனைப் பரண்மேல் ஏற்றிவிட்டு ஆண்டுக்கணக்கில் மறந்தேன். ஒரு மழைக்காலம் கூரை ஒழுகிப் பெட்டியை இறக்கியபோது உள்ளே கறையான் மண்தான் இருந்தது. தோட்டத்தில் அவருக்குத் தந்த முதல் சம்பளச் சீட்டு அதில் இருந்ததாக அம்மா சொன்னார்கள்.

ஆகவே நான் வேண்டுவது இவ்வளவே. இத்திங்களுக்குள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள்: எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், எந்தத் தோட்டம், யார் கங்காணி, அந்த ஆண்டு வேறு என்ன நடந்தது? தேதி தெரியாவிட்டாலும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' போன்ற அடையாளம் ஒன்று கிடைத்தால் அதிலிருந்து ஆண்டைக் கணிக்கலாம். அது 1924 அன்றோ? அந்நினைவு மட்டும் அத்தாட்சி ஆகாது. ஆனால் எந்த ஏட்டில் தேட வேண்டும் என்பதை அது காட்டும். தோட்டத்துப் பழைய பேரேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, மாதாகோயிலின் ஞானஸ்நானப் பதிவு, நிலப்பத்திரம் இவற்றைக் கேட்டு நகல் வாங்குங்கள். பழைய ரேஷன் கார்டு முடிந்துபோனாலும் எறியாதீர்கள்.

இன்னொன்று, பெயர். நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை இடுகிறோம். இங்குள்ள படிவங்கள் வீட்டுப்பெயர் கேட்கின்றன. ஒரே ஆள் மூன்று காகிதத்தில் மூன்று பெயராய் நிற்கிறான். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே எல்லாக் காகிதத்திலும் ஒரே எழுத்தாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

1950-க்கு முந்திய அத்தாட்சி கிடைக்காதவர்களும் மனம் தளர வேண்டுவதில்லை. தாய்மாநிலத்துத் தகுதி அற்றுப்போவதில்லை. தந்தையார் அங்கே பெற்ற சான்றிதழைக் காட்டினால், குடியேறியோர்க்குரிய படிவத்தில் இங்குள்ள அதிகாரியே சான்று தர ஏற்பாடு உண்டு. மத்திய அரசின் பணிகளுக்கும் அதன் கல்விக் கூடங்களுக்கும் அது பயன்படும். மாநிலச் சலுகைக்கு அது ஈடாகாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவும் எழுதத் தெரிந்த குடும்பங்களுக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும், தனித்து வாழும் முதியவர்க்கும், கணவனை இழந்து லயத்தில் காலம் கழிக்கும் தாய்மார்க்கும் யார் எழுதுவது? அதற்குத்தானே சங்கம் என்று ஒன்று வைத்திருக்கிறோம்! ஞாயிறுதோறும் பிற்பகலில், படித்த இளைஞர் இருவர் ஒரு தோட்டத்துக்குச் சென்று வந்தால், ஓராண்டில் நம் மக்கள் அனைவரின் குறிப்பும் திரண்டுவிடும். 1950 என்னும் கோடு நீதியானதுதானா என்று அரசிடம் முறையிடும்போதும், வெறுங்கையோடு போகாமல் அக்குறிப்பேட்டோடு போகலாம்.

அந்தப் பெண்ணின் மனு இன்னும் முடிவாகவில்லை. அவள் பாட்டனாரோடு ஒரே காலத்தில் மலையேறிய மற்றொரு குடும்பத்தாரைத் தேடி, சங்க நண்பர்கள் இருவர் சென்ற வாரம் வண்டன்மேட்டுப் பக்கம் சென்றார்கள். அங்குள்ள பழைய தோட்டம் ஒன்றில் பேரேடு இருப்பதாகச் செய்தி கிடைத்திருக்கிறது. பார்க்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். இதற்கிடையே தந்தையின் சான்றிதழுக்காக அவர் சொந்த ஊருக்கும் ஆள் போயிருக்கிறது. சேர்க்கைக்கு நாள் அதிகமில்லை. வாசகர்களில் எவரேனும் 1950-க்கு முந்திய தோட்டத்து ஏடுகளோ சீட்டுகளோ வைத்திருந்தால், காலம் தாழ்த்தாமல் சங்க அறைக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அடுத்த திங்கள் சந்திப்போம்.