கடனட்டை நிறுவனம் நீதிபதியாகலாமா?

சுருவிலில் இருக்கும் ஒரு பாடகர் தன் பாடல்களை இணையத்தில் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவற்றைத் திருடி இன்னொரு தளம் மாதக் கட்டணத்துக்கு விற்கிறது. அதை நடத்துபவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியாது. ஆனால் பணம் வீசா, மாஸ்டர்காட் வழியாகவே போகிறது. அந்த நிறுவனங்களுக்குப் பொறுப்பில்லையா?

அமெரிக்காவில் 'பெர்ஃபெக்ட் 10' என்ற சஞ்சிகை நிறுவனம் இதையே கேட்டு வழக்குத் தொடுத்தது. தன் படங்களைத் திருடி விற்கும் தளங்கள் பற்றி அறிவித்தும் அட்டை நிறுவனங்கள் கொடுப்பனவை நிறுத்தவில்லை என்பது முறைப்பாடு. 2007 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை நிராகரித்தது. பணம் திருட்டை இலாபகரமாக்கலாம். ஆனால் படங்களைப் பிரதி செய்வதும் பரப்புவதும் பணம் செலுத்தும் வழியில் நடப்பதில்லை என்றது தீர்ப்பு. தெரிந்துகொண்டே பணத்தைக் கைமாற்றுவதும் உதவிதான் என்பது மாறுபட்ட நீதிபதி கொசின்ஸ்கியின் வாதம்.

அந்த வாதம் நியாயமாகவே தெரிகிறது. ஆனால் முறைப்பாடு வந்தாலே நட்டஈட்டு அச்சம் என்றால், நிறுவனங்கள் விசாரித்துக்கொண்டிருக்க மாட்டா. சிறு வியாபாரியிடம் கிடைக்கும் தரகுப் பணத்தைவிட வழக்குச் செலவு அதிகம். உடனே கணக்கை மூடிவிடும்.

இது வெறும் கற்பனையல்ல. 2010 டிசம்பரில் நீதிமன்ற உத்தரவு எதுவுமின்றி விக்கிலீக்ஸுக்கான நன்கொடைகளை வீசா, மாஸ்டர்காட், பேபால் நிறுத்தின. ஐஸ்லாந்தில் வீசாவின் பங்காளி நிறுவனம் சேவையை மீண்டும் வழங்க வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013 இல் தீர்ப்பளித்தது. 2014 இல் லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் பள்ளிவாசலின் கணக்கை எச்எஸ்பிசி வங்கி மூடியது. அது பதிப்புரிமை விவகாரமல்ல. ஆனாலும் விசாரணையின்றிப் பணவழியை அடைப்பது எத்தனை சுலபம் என்பதை எமது சமூகத்துக்குக் காட்டியது.

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, உரிமையாளர் நீதிமன்றத் தடையுத்தரவும் நட்டஈடும் கோரலாம். கொடுப்பனவு நிறுவனங்களின் கடமையையும் சட்டம் தெளிவாக வரையறுக்க வேண்டும். ஆதாரத்துடன் வரும் முறைப்பாட்டை விற்பனையாளருக்கு அறிவித்து, பதிலளிக்க அவகாசம் கொடுக்கட்டும். பதில் வராவிட்டாலும் தகராறு தீராவிட்டாலும் நீதிமன்றம் விரைந்து முடிவெடுக்கட்டும். அதன் உத்தரவுக்குப் பிறகும் பணத்தைக் கைமாற்றும் நிறுவனம் நட்டஈடு கொடுக்கட்டும்.

திருட்டுக்குத் துணைபோகக் கூடாது என்பது சரி. எது திருட்டு என்று தீர்மானிக்கும் வேலை மட்டும் நீதிமன்றத்திடமே இருக்க வேண்டும்.