பழவேற்காட்டுக் கோட்டை

இராயபுரத்தினின்று காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பத்தக்க தொலைவில் பழவேற்காட்டிலும் ஒரு கோட்டை இருந்தது. மகிமை மாதாவைத் தரிசிக்கப் பொன்னேரி வழியே செல்லும் நம் குடும்பங்கள், நண்டும் இறாலும் வாங்கிக்கொண்டு பேருந்தேறிவிடுகின்றன. கோட்டையை எவரும் வினவுவதில்லை.

வினவினாலும் காட்டுவதற்கு மதில் இல்லை. ஒல்லாந்தர் முதலில் அங்கு அமைத்த பண்டகசாலையை 1612-இல் மயிலைப் போர்த்துக்கீசியர் தாக்கி அழித்தனர். (இரு தரத்தாரும் கிறிஸ்தவர்களே என்பதைச் சொல்லாமல் விடுவது முறையன்று.) மறு ஆண்டே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. பிற்காலத்தில் ஆங்கிலேயர் அதனை இடித்துத் தள்ளினர். இன்று முட்புதரும் அகழியின் தடமுமே மிச்சம்.

ஒல்லாந்தரின் கல்லறைத் தோட்டமோ பேணப்பட்டு நிற்கின்றது. அதன் வாயிலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூட்டு உருவங்களைக் கண்டு சிறுவர் வியப்பர். உள்ளே வணிகரின் பெயர்கள் அழகுற வெட்டப்பட்டுள்ளன.

ஆனால், அன்பர்களே, அவ்வணிகம் துணியோடு நிற்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் பஞ்சங்களில், பசி தாளாது தம்மையும் தம் மக்களையும் விற்ற ஏழைகள் ஆயிரக்கணக்கில் இக்கரையினின்று, இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். அவர்கள் பெயர் பொறித்த கல் அங்கு ஒன்றுமில்லை. பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், கல்லறைகளைக் காட்டியபின் கடற்கரையில் சற்று நின்று இதனையும் சொல்வாராக.