கிழங்கோடு திப்பியும் காசாகட்டும்

கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில் விளையும் மரவள்ளிக்கு விலை சொல்வது அடிவாரத்துச் சேகோ ஆலைகள்தான்.

2020இல் மாவுப்பூச்சி தமிழக மரவள்ளியைத் தாக்கியது. பெங்களூரு வேளாண் பூச்சி வள ஆய்வகம், பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் சின்னஞ்சிறு குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்துப் பெருக்கியது. 2022இல் சேலம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் அதை வயலில் விட்டார்கள். ஆய்வகம் உழவருக்கு உதவுவது இப்படித்தான்.

உழவர் சேகோ ஆலைகளின் விலையை மட்டுமே நம்பியிராதபடி, எரிபொருளிலும் இந்த அக்கறை வேண்டும். 2018 தேசிய உயிரி எரிபொருள் கொள்கை மரவள்ளி எத்தனாலை அனுமதிக்கிறது. ஆலைக் கழிவான திப்பியிலும் மாவுச்சத்து நிறையவே மிஞ்சுகிறது. அதை நொதியால் சர்க்கரையாக்கி, ஈஸ்ட் சேர்த்து எத்தனால் எடுக்கலாம். அங்கிருந்தே தொடங்குவோம்; எரிபொருளுக்கென மரவள்ளிப் பரப்பைக் கூட்ட வேண்டாம். மரவள்ளி பரவி, சாமையும் தினையும் ஏற்கெனவே இடமிழந்த மலை கொல்லிமலை.

ஏத்தாப்பூர் ஆய்வாளர்கள் ஆலத்தூர் நாட்டிலேயே மரவள்ளிச் சோதனைத் திடல் அமைக்கட்டும். எத்தனாலுக்கான கொள்முதல் விலையை நடவுக்கு முன்பே அரசு அறிவிக்கட்டும்.